ஓசி ரூமுக்கு 3,540 ரூபாயா? ஹோட்டல் கிரெடிட் கார்டை வெச்சுக்கலாமா, மூடிடலாமா?

மாரண்டஹள்ளி ஸ்டேஷன்ல ரயில் ஏறி, ராயக்கோட்டை, ஓசூர் தாண்டி பெங்களூருல போய் இறங்குற தம்பி ஒருத்தரை மனசுல நினைச்சுக்கோங்க. வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம். கையில ஒரு ஹோட்டல் ரிவார்ட்ஸ் கார்டு. "ஸ்டார் ஹோட்டல்ல ஒரு ராத்திரி ஃப்ரீ"னு சொன்னதும் வாங்கியாச்சு. இப்போ போன்ல மெசேஜ் வந்து நிக்குது: ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய், கூடவே 18 சதவிகித ஜி.எஸ்.டி. மொத்தம் 3,540.

கட்டலாமா, கார்டை மூடலாமா?

கார்டு என்ன தருது?

நம்ம நாட்டுல இதுக்குப் பளிச்சுனு தெரியுற உதாரணம், ஹெச்.டி.எஃப்.சி வங்கியும் மேரியட் நிறுவனமும் சேர்ந்து 2023 ஆகஸ்ட்ல கொண்டுவந்த மேரியட் பான்வாய் கார்டு. சேர்ந்ததும் ஒரு இலவச இரவு. ஒவ்வொரு வருஷமும் கட்டணம் கட்டிப் புதுப்பிச்சா இன்னொரு இரவு. அதை 15,000 பாயின்ட் வரைக்கும் விலையுள்ள ரூமுக்குப் பயன்படுத்தலாம். மேரியட் ஹோட்டல்ல 150 ரூபாய் செலவு பண்ணினா 8 பாயின்ட். பயணம், சாப்பாட்டுக்கு 4. மற்ற செலவுக்கு 2. வருஷத்துக்கு 6 லட்சம் செலவு செஞ்சா கூடுதலா ஓர் இரவு. இதோட 'சில்வர்' அந்தஸ்து வேற.

கேட்க நல்லாதான் இருக்கு. ஆனா, சில்வருக்கு காலை டிபன் ஃப்ரீ கிடையாது. தாமதமா ரூம் காலி பண்றதும், ரூம் இருந்தால்தான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

நீங்க பிடிக்கிற ரூம் வாடகை 6,500 ரூபாய்னு வெச்சுக்குவோம். 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு 2025 செப்டம்பர்ல இருந்து ஜி.எஸ்.டி 5 சதவிகிதம். ஆக மொத்தம் 6,825. கட்டணம் 3,540 போக 3,285 ரூபாய் லாபம். சூப்பர்தானே?

அவசரப்படாதீங்க. கார்டு இல்லைன்னா நீங்க அந்த 6,825 ரூபாயைக் கொடுத்து அங்கே தங்கியிருப்பீங்களா? "இல்லப்பா, 1,800 ரூபாய் லாட்ஜே போதும்"னா, உங்களுக்கு அந்த இரவோட மதிப்பு 1,800தான். அப்போ லாபம் இல்லை, 1,740 ரூபாய் நஷ்டம். இதுல டாக்ஸி, ஹோட்டல் காபி எல்லாம் சேரலை. இலவச இரவுக்கு ஒரு வருஷம்தான் ஆயுசு. லீவு கிடைக்காம காலாவதி ஆயிட்டா, 3,540-ம் போச்சு.

சரி, பாயின்ட்? சாதாரணச் செலவு வருஷத்துக்கு 2 லட்சம்னா கிடைக்கிறது சுமார் 2,666 பாயின்ட். 15,000 சேர அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள ரூம் விலை அப்படியேவா இருக்கும்? எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயின்ட்னு இருந்த நிலையான பட்டியலை மேரியட் 2022-லயே எடுத்துடுச்சு. இப்போ டிமாண்டுக்கு ஏத்த மாதிரி ஏறும், இறங்கும்.

ஊர்ல தேய்க்க முடியுமா?

மாரண்டஹள்ளி மளிகைக் கடையிலயும் டீக்கடையிலயும் ஓடுறது க்யூ.ஆர் கோடு. யு.பி.ஐ-யோட இணைக்க முடியுறது ரூபே கிரெடிட் கார்டை மட்டும்தான். இந்த கார்டு ஓடுறது டைனர்ஸ் கிளப் நெட்வொர்க்ல. ஸ்கேன் பண்ண முடியாது. ஸ்வைப் மெஷின் இருக்கிற இடத்துலயும் சில சமயம் 'இது எடுக்காது'ம்பாங்க. பெட்ரோலுக்கும் வாடகைக்கும் பாயின்ட் கிடையாது. அப்போ ஊர்ச் செலவுல இருந்து பாயின்ட் சேர்றது கஷ்டம்.

உண்மையான ஆபத்து எங்கே?

ரிவார்ட்ஸ் கார்டுங்கிறது மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வர்றவங்களுக்காகச் செஞ்சது. நம்ம பக்கம் பல வீடுகள்ல பிள்ளையோட சம்பளமும் அப்பாவோட தக்காளித் தோட்டமும் ஒரே கணக்கு. பெட்டி விலை இறங்கினா, சொட்டுநீர் பைப்புக்கும் மருந்துக்கும் கார்டுதான் கைகொடுக்கும். விலை ஏறுறப்ப கட்டிக்கலாம்னு நினைப்போம். ஆனா, பில் தேதி தக்காளி விலைக்காகக் காத்திருக்காது.

40,000 ரூபாய் பாக்கி நிக்குது, வட்டி மாசம் 3.75 சதவிகிதம்னா, 1,500 ரூபாய். அதுக்கு ஜி.எஸ்.டி 270. ஆக, மாசம் 1,770. ரெண்டு மாசத்துக்கு 3,540. இன்னொரு ஆண்டுக் கட்டணம் கட்டின கதை! வருஷத்துக்கு 30 சதவிகிதத்துக்கு மேல வட்டி வாங்கக் கூடாதுன்னு நுகர்வோர் ஆணையம் 2008-ல போட்ட தடையையும், 2024 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. ஒரு மாசம் பாக்கி வெச்சாலே பாயின்ட்டெல்லாம் வட்டியில கரைஞ்சிடும்.

அப்போ யார் வெச்சுக்கலாம்?

வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்த மாதிரி ஹோட்டல்ல சொந்தக் காசு கொடுத்துத் தங்குறவங்க, முழு பில்லையும் தேதிக்குள்ள கட்டுறவங்க, தாராளமா வெச்சுக்கலாம். அப்பா, அம்மாவோட கல்யாண நாளுக்கு ஒரு ராத்திரி கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா? அதுவும் நியாயமான காரணம்தான். ஆனா தேதியை இப்பவே குறிச்சிடுங்க.

மத்தவங்க, கட்டணம் விழுறதுக்கு முன்னாடியே மூடிடுங்க. கையில இருக்கிற இலவச இரவை முதல்ல பயன்படுத்திடுங்க. பாக்கியை முழுசா அடைங்க. அப்புறம் எழுத்துபூர்வமா விண்ணப்பம் கொடுங்க. பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள்ள மூடணும். தாமதமானா நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தரணும். இது 2022-ல ரிசர்வ் வங்கி போட்ட விதி. இது உங்களோட ஒரே பழைய கார்டுன்னா மட்டும் கொஞ்சம் யோசிங்க. மொத்த கிரெடிட் லிமிட் குறைஞ்சா ஸ்கோர் கொஞ்சம் அசையலாம்.

கடைசியா ஒரே ஒரு கேள்வி. "இந்த 3,540 ரூபாயை யாராவது கையில கொடுத்தா, அதுல ஹோட்டல் ரூம்தான் போடுவேனா?" ஆமான்னா கட்டுங்க. யோசிக்கிறீங்கன்னா, பதில் கிடைச்சாச்சு!