யாருக்குச் சீரமைப்பு?

மதுரை, தேனி, திண்டுக்கல் ஜில்லாக்களில் 'அரசு கள்ளர் பள்ளி' என்ற பெயரில் வளர்ந்த பள்ளிக்கூடங்கள் ஏறத்தாழ முந்நூறு. கம்பம் பள்ளத்தாக்கிலும் அவை உண்டு. 2023இல் நாங்குனேரியில் ஒரு மாணவன் சாதிவெறிக்கு வெட்டுப்பட்ட பிறகு அரசாங்கம் நியமித்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, இந்தப் பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையோடு சேரட்டும் என்றது. உடனே எதிர்ப்பு கிளம்பிற்று. எதிர்த்தவர்கள் எல்லோருமே சாதிப் பெருமைக்காரர்கள் என்று நம் படிப்பாளிகள் பலர் ஒரே வார்த்தையில் தீர்ப்பெழுதிவிட்டார்கள்.

எனக்கு இந்த அவசரம் பிடிக்கவில்லை. கதை பழையது. பிரமலைக் கள்ளர்மீது குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஏவி, ஆண்பிள்ளைகளின் கைரேகையைக் கேட்டது வெள்ளைக்கார சர்க்கார். ராத்திரியானால் வீட்டில் படுக்க முடியாது. போலீஸார் கண்ணெதிரே படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்றவர்களைச் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அந்த நாட்களில்தான் அதே சர்க்கார் இவர்களுக்குப் பள்ளிக்கூடமும் திறந்தது. ஒரு கையில் ரேகை மை, மறு கையில் சிலேட்! இந்த ஏற்பாட்டுக்கு 'கள்ளர் சீரமைப்பு' என்று பெயர். சுட்டவன் யோக்கியன், சுடப்பட்டவன் சீரமைக்கப்பட வேண்டியவன். நல்ல நியாயம்!

சட்டம் 1947இலேயே ஒழிந்தது. துறையின் பெயரில் அந்தச் சொல் மட்டும் ஒழியவில்லை. என்னைக் கேட்டால், முதலில் அதை அடிக்க வேண்டும். பலகையிலுள்ள சாதியும் போகட்டும். அதே பெஞ்சியில் தலித் குழந்தையும் உட்கார்ந்திருக்கிறது. இதில் நான் எதிர்ப்பாளர்களோடு இல்லை.

ஆனால் சமத்துவம் பேசும் நிபுணரிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நீங்கள் விடியற்காலையில் கம்பத்துக்கு வந்ததுண்டா? ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு, மலையேறிக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகும் தாய்மாரைப் பார்த்ததுண்டா? பிள்ளைக்குத் தலை வாரிவிட அங்கே ஆள் இல்லை. 2022இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டித் திட்டம் அந்தப் பிள்ளையின் பசியை அறிந்த திட்டம். யோசனை சொன்னவர் யாரானாலும் கும்பிடுகிறேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டினால் அதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.

துறைகளை இணைப்பது பைல் வேலை. இந்தப் பள்ளிகளுக்கென்று இருக்கும் ஆசிரியர் பணியிடங்களும் மாணவர் விடுதிகளும் பெரிய துறையின் வயிற்றுக்குள் போனபின், எத்தனை காலியாக இருக்கின்றன என்று தனியாகக் கணக்குக் கேட்க முடியுமா? பணியிடம் இத்தனை, விடுதி இத்தனை, ஒன்றும் குறையாது என்று அரசாணையிலேயே எண்ணோடு எழுதட்டும். பெருங்காமநல்லூரைப் பாடப் புத்தகத்தில் ஒரு முழுப் பாடமாக வைக்கட்டும். பிறகு பலகையைக் கழற்ற ஏணி கொண்டுவரலாம். நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொள்கிறேன்.