பிஞ்சுக் கையால் ஒரு பிடி



தைப்பிங் மழைக்குப் பெயர் போன ஊர். பக்கத்தில் கமுந்திங்கில் இருக்கும் நமக்கும் அதில் பங்கு உண்டு. மாலையில் தகரக் கூரைமேல் மழை கொட்டும்போது, நம் வீடு ஒழுகாமல் இருந்தால் அந்தச் சத்தம் தாலாட்டு. சட்டியும் வாளியும் வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருக்கும் தாய்க்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி வீட்டுக்குத் தவிக்கும் ஒரு குடும்பத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு நிதி திரட்டலாமா? திரட்டலாம் என்பதே என் கட்சி. ஆனால் எப்படித் திரட்டுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். தகப்பனார் நோயில் விழுந்தார், வேலை போயிற்று. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது அல்லவா? வீட்டையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. உறவினர் ஒருவர் தம் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கொடுத்தார். பலகையும் தகரமும் வாங்கத்தான் பணமில்லை.

உதவுவோம் என்று ஆசிரியர்கள் முடிவு செய்தோம். நன்கொடை அட்டை தயார் செய்து ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்தது நான்தான். அதிகம் திரட்டுபவருக்குப் பரிசு என்றும் அறிவித்தேன்.

நடந்தது என்ன தெரியுமா? வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் அட்டையைத் தகப்பனாரே ஐம்பது வெள்ளி எழுதி நிரப்பிவிட்டார். பால் வெட்டுக்குப் போகும் ஒரு தாயின் மகள், அட்டை காலியாக இருந்த வெட்கத்தில் மூன்று நாள் பள்ளிக்கே வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வீடில்லாத அந்தப் பையனுக்கும் ஓர் அட்டை போயிருந்தது. அவன் அதை என் மேசைமேல் வைத்துவிட்டு, "டீச்சர், எங்க வீட்டுக்கே நான் யாருகிட்டப் போயி காசு கேக்கிறது?" என்றான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அட்டைகளைத் திரும்ப வாங்கினேன். பரிசையும் நிறுத்தினேன். ஒரு மைலோ டின்னின் மூடியில் துளை போட்டுப் பள்ளியில் வைத்தோம். யார் போட்டார், எவ்வளவு போட்டார் என்ற பேச்சே இல்லை. பிள்ளைகள் பழைய நாளிதழும் காலி டின்களும் சேர்த்து விற்றார்கள். பள்ளித் தோட்டத்தில் காங்கோங் கீரை போட்டு ஆசிரியர்களிடமே விற்றார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர் பிள்ளைகள் முன்னாலேயே எண்ணி நோட்டில் எழுதினார். அந்தப் பையனும் காலி டின் பொறுக்கிக்கொண்டு வந்தான். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டோம். அவன் முகத்தை அன்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! சேர்ந்த பணத்தில் கூரைத் தகரம் வந்தது. அப்பாமார்கள் ஞாயிற்றுக்கிழமையில் கோத்தோங் ரோயோங் போட்டு அடித்துக் கொடுத்தார்கள்.

சில்லறைக் காசால் என்ன ஆகும் என்று சிலர் கேட்பார்கள். நம் பெரியவர்களைக் கேளுங்கள். தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அதைத் தொடங்கியவர் நம் பேராக்கில் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி போடுங்கள் என்று கேட்டார். அன்றைய கூலிக்குப் பத்து வெள்ளி சின்னத் தொகையல்ல. அந்தப் பணத்தில்தான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டமும், பின்னர் வேறு பல தோட்டங்களும் வாங்கப்பட்டன. நம்மவர் வியர்வைக் காசு நம்மவர் குடியிருப்பைக் காத்தது.

அது பெரியவர்கள் கொடுத்த பணம். பிள்ளைகளின் கையை நம்பியவர் இந்தியாவில் வினோபா பாவே. 1951இல் பூமிதான இயக்கத்தைத் தொடங்கி, நிலமில்லாதவர்களுக்காக ஊர் ஊராக நடந்தவர் அவர். பிறகு 'சர்வோதய பாத்திரம்' என்ற ஒன்றையும் வீடுகளில் வைக்கச் சொன்னார். தினமும் ஒரு பிடி தானியம் அதில் விழ வேண்டும். அதைப் போடுவது அந்த வீட்டுக் குழந்தையின் கையாக இருக்க வேண்டும் என்றார். பெரியவர் கை போட்டால் தானியம் கூடுதலாகச் சேருமே என்று அவருக்குத் தெரியாதா? பிறருக்குக் கொடுக்கும் பழக்கம் சிறு வயதிலேயே பிள்ளைக்கு வரவேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

ஆகவே, இத்தகைய முயற்சியில் இறங்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் வேண்டுகோள் சில.

பிள்ளைகளை டின்னைக் கொடுத்து வீடு வீடாகவோ கடைத்தெருவுக்கோ அனுப்பாதீர்கள். அப்படித் திரட்ட 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல் துறையின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும், கை நீட்டப் பழகுவது வேறு, கொடுக்கப் பழகுவது வேறு. பள்ளிக்குள் திரட்டுவதானாலும் தலைமையாசிரியரின் ஒப்புதலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணையும் இருக்கட்டும்.

உதவி பெறும் குடும்பத்தின் பெயரைச் சபையில் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளையை மேடையேற்றிப் படம் பிடிக்காதீர்கள். நாளைக்கும் அவன் அதே வகுப்பில் உட்கார வேண்டும். வரவு செலவைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கணிதப் பாடத்தோடு நாணயமும் படியும்.

பிள்ளைகள் சேர்க்கும் காசு ஒரு முழு வீட்டைக் கட்டாது. அந்தக் குடும்பத்தை அரசாங்கத்தின் இ-காசே பதிவேட்டில் பதியவும், மாவட்ட அலுவலகத்தில் வீட்டு உதவிக்கு மனுப் போடவும் படித்த நாம்தான் கூடப் போக வேண்டும். அது பெரியவர் வேலை. அதைப் பிள்ளைகள் தலையில் ஏற்றாதீர்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு டின் இருக்கட்டுமே! பள்ளிக்குக் கொண்டு போகும் காசில் பத்துக் காசு மிஞ்சினால், மகன் தானே போடட்டும், மகள் தானே போடட்டும். எவ்வளவு என்று கேட்காதீர்கள். யாருக்கு என்று அவர்கள் கேட்டால் மட்டும், பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.