ஜொகூர் தீவுப் பல்லிக்கு வேறு ஊர் இல்லை

சுவரில் பல்லி கத்தினால் எந்தத் திசை என்று பலன் பார்ப்போம். தோளில் விழுந்தால் நாள்காட்டியைப் புரட்டுவோம். காஞ்சிபுரம் போனால் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிடுவோம். இவ்வளவு பழக்கம் இருந்தும், நம் ஜொகூருக்கே சொந்தமான பல்லியை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மெர்சிங்கிலிருந்து படகில் போனால் அவுர், பெமாங்கில் தீவுகள். அவுர் தீவின் பாறைப் பல்லியைப் புதிய இனம் என்று 2003இல் உலகுக்குச் சொன்னவர்கள் இந்திரனீல் தாஸ், லீ கிரிஸ்மர் என்ற இரு ஆய்வாளர்கள். 2006இல் பெமாங்கில் பல்லிக்கும் பெயர் வைத்தார்கள்: நெமாஸ்பிஸ் பெமாங்கிலென்சிஸ். தீவின் பெயரே அதன் பெயர். அந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை.

வீட்டுப் பல்லிக்குக் கண்மணி வெளிச்சத்தில் செங்குத்துக் கீற்றாகச் சுருங்கும். இதற்கோ நம்மைப்போல வட்டக் கண்மணி. பகலில் நடமாடும் பல்லிகளிடம் காணும் அடையாளம். விரலடியில் ஒட்டுப் பட்டை கிடையாது. நீண்ட மெல்லிய விரல்களாலும் நகங்களாலும் பாறையைப் பற்றி ஏறும். அதற்கு வேண்டியது மர நிழலில் ஒரு பெரிய கருங்கல் பாறை, ஆள் வந்தால் ஒளிய ஓர் இடுக்கு. அவ்வளவுதான்.

பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இந்தத் தீவுகள் நிலத்தோடு சேர்ந்த குன்றுகள். பிறகு நீர் ஏறியது. குன்றுகள் தீவுகளாயின. பல்லிகள் அங்கேயே நின்றுவிட்டன.

நாம் அங்கே போவது பெரும்பாலும் பவளப்பாறை பார்க்க. கடலைக் காக்க வேண்டும் என்று இப்போது பிள்ளைகளுக்கும் தெரிகிறது. நல்லது. ஆனால் கரையில் பாறைமேல் கவிந்த மரங்களை வெட்டினால் கல் சுடும், ஈரம் காயும். நீந்திப் போய் அடுத்த தீவில் குடியேற இந்தப் பல்லியால் முடியாது. பெமாங்கிலில் அழிந்தால் உலகத்திலேயே அழிந்ததாகத்தான் கணக்கு.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு அங்கே போகிறீர்களா? காட்டுப் பாதையை விட்டு விலகாதீர்கள். கல்லைப் புரட்டாதீர்கள். பிடித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். பாறை இடுக்கை ஒரு நிமிடம் அமைதியாகப் பாருங்கள். பல்லி எட்டிப் பார்த்தால், அன்றைக்கு உங்களுக்கு நல்ல சகுனம்தான்!