குட்டிக் கால்களுக்கு எட்டும் கழிப்பறை

அங்கன்வாடி மையத்தில் கழிப்பறை கட்டுவதற்கான நிதி வரம்பை 12,000 ரூபாயிலிருந்து 36,000 ரூபாயாக ஒன்றிய அரசு உயர்த்தியிருக்கிறது. அந்தப் பணம் பெரியவர்களுக்கான பேசினில் போய் முடியக் கூடாது. தமிழ்நாட்டின் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இரண்டு வயது முதலே குழந்தைகளைச் சேர்த்துக்கொள்கின்றன. வீட்டில் 'அம்மா, ஆய்' என்று ஓடிவந்து சொல்லப் பழகிவிட்ட பிள்ளை, இங்கே அகன்ற பேசினின் இருபுறமும் கால் எட்டாமல், உள்ளே விழுந்துவிடுவோமோ என்று பயந்து அடக்கிக்கொள்கிறது. இருட்டும் நாற்றமும் வழுக்கும் தரையும் சேர்ந்தால் பெரியவர்களே தயங்குவார்கள். அடக்கினால் மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலி கண்ட குழந்தை மறுநாளும் அடக்கும். 'இன்னும் பழகவில்லை' என்று பிள்ளையைக் குறை சொல்வதும், மறுபடி டயாப்பர் மாட்டி அனுப்புவதும் இதற்கு மருந்தல்ல. சிறிய பேசின், தாழ்வான குழாய், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, வெளிச்சத்துக்கு ஒரு ஜன்னல், தடையில்லாத தண்ணீர்: இவை இல்லாத கட்டடத்துக்கு அதிகாரிகள் பில் பாஸ் செய்யக் கூடாது. கட்டிய கழிப்பறையை, அழுக்காகிவிடும் என்று பூட்டிவைக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். சமையலுக்கும் பதிவேட்டுக்கும் நடுவே பணியாளரும் உதவியாளரும் திணறுவது உண்மைதான். அதனாலேயே குழந்தைகளைக் குறித்த நேரங்களில் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதை அன்றாட அட்டவணையில் எழுதிவைக்க வேண்டும். சேர்க்கும் நாளில் தாயோ தந்தையோ பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், குழாயைத் திறந்து காட்டி, ஒருமுறை உட்காரவைக்க அனுமதிப்பதற்குத் தனி அரசாணை எதுவும் தேவையில்லை.