கொடி அசைத்தால் போதுமா?

பன்னாட்டு விளையாட்டு விழா ஒன்று இந்தியாவுக்கு வரும்போதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்படும் வேலை பெரும்பாலும் ஒன்றே: சீருடையில் வரிசையாக நின்று கொடி அசைப்பது. வருகிற அணி எந்த நாட்டுடையது, அந்நாட்டு மக்கள் என்ன மொழி பேசுகிறார்கள், இந்திய மண்ணோடு அவர்களுக்கு என்ன உறவு என்பதைச் சொல்வாரில்லை. மாணவரைத் தோரணமாக்கும் இவ்வழக்கத்துக்குக் கல்வி என்று பெயர் சூட்டுவது கல்வியை இழிவுபடுத்துவதாகும்.

வேறு வழி உண்டு என்பதற்கு ஜப்பான் சான்று. 1994இல் ஹிரோஷிமாவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது, நகரின் சமூகக் கூடங்கள் ஆளுக்கொரு நாட்டை ஏற்றுக்கொண்டு அதை அறிய முற்பட்டன. அவ்வெண்ணத்தை நாகானோ நகரம் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. 1998 குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி அங்கே எழுபதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் 'ஒரு பள்ளி, ஒரு நாடு' என்ற இயக்கத்தில் இறங்கின. பிள்ளைகள் தாம் ஏற்ற நாட்டின் முகமன் சொற்களையும் நாட்டுப்பண்ணையும் கற்றார்கள், கடிதம் எழுதினார்கள், வந்திறங்கிய வீரர்களை அவர்கள் மொழியிலேயே வரவேற்றார்கள். போஸ்னியா–ஹெர்சகோவினாவை ஏற்ற பள்ளியின் பிள்ளைகள், போர் ஓய்ந்த அந்த மண்ணில் புதைந்து கிடந்த கண்ணிவெடிகளைப் பற்றி அறிந்துகொண்டார்கள். பதக்கப் பட்டியலில் இடம்பெறாத நாடு அது. வெற்றி பெறும் அணியை விரும்ப எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தோற்கும் அணியின் நாட்டை அறிவதே பாடம். பின்னர் ஒலிம்பிக்கை நடத்திய வேறு நகரங்களும் இம்முறையைப் பின்பற்றின.

2010 அக்டோபரில் தில்லியில் காமன்வெல்த் போட்டிகள் நடந்தன. நாகானோவுக்கு வந்த நாடுகள் 72. தில்லிக்கு வந்த அணிகள் 71. ஏறத்தாழ அதே எண்ணிக்கை. ஆனால் தில்லியில் போட்டிக் காலம் முழுவதும் பள்ளிகள் மூடப்பட்டன. விருந்தினருக்காக ஒழித்துத் தரும்படி தில்லிப் பல்கலைக்கழக விடுதிகளிலிருந்து மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். உலகம் வாசலுக்கு வந்த வேளையில் கற்போரை இடையூறாகக் கருதி அப்புறப்படுத்தினார்கள்.

'பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை' என்பார்கள். 2030 காமன்வெல்த் போட்டிகளை நடத்தவிருக்கும் அகமதாபாத்தையே எடுத்துக்கொள்வோம். அந்நகரத்துப் பள்ளி ஒன்று உகாண்டாவை ஏற்றால், 1972இல் இடி அமீன் வெளியேற்றிய குஜராத்திக் குடும்பங்களின் கதை அதன் தெருவிலேயே கிடைக்கக்கூடும். தென்னாப்பிரிக்காவை ஏற்றால், 1893இல் அங்கே சென்ற இளம் வழக்கறிஞர் காந்தி கிடைப்பார். பிஜியை ஏற்றால், 1879 முதல் கல்கத்தாவிலிருந்தும் பின்னர் சென்னையிலிருந்தும் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் கிடைப்பார்கள். இவையெல்லாம் வரலாறும் புவியியலும் அன்றி வேறென்ன?

'பிறநாட்டு அணியை ஆதரிப்பது நாட்டுப்பற்றுக்கு ஊறு' என்பது அடுத்த வாதம். இதுவே ஆபத்தானது. 2014இல் மீரட்டில், கிரிக்கெட் ஆட்டமொன்றில் பாகிஸ்தான் வெற்றிக்கு ஆரவாரித்தார்கள் என்று காஷ்மீரி மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டு, அவர்கள்மீது தேசத்துரோக வழக்கும் பதியப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பின்னரே அப்பிரிவு கைவிடப்பட்டது. 1999 ஜனவரியிலோ, சேப்பாக்கத்தில் 12 ஓட்டங்களில் இந்தியாவை வென்ற பாகிஸ்தான் அணிக்குச் சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதனால் அவர்களுடைய நாட்டுப்பற்று குறைந்துவிடவில்லை. நாகானோவின் பிள்ளைகளும் ஜப்பானை வாழ்த்துவதைக் கைவிட்டவர்கள் அல்லர்.

2030க்கு இன்னும் காலம் இருக்கிறது. அரங்குகளுக்கும் சாலைகளுக்கும் திட்டம் தீட்டுவோர், ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நாட்டை இப்போதே ஒதுக்கட்டும். சில ஆண்டுகள் கற்ற பின் வரவேற்கும் பிள்ளைக்கும் முந்தைய நாள் ஒத்திகை பார்த்த பிள்ளைக்கும் உள்ள தொலைவு பெரிது. ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளை ஆராயும் பல்கலைக்கழகத் துறைகளும் கருத்தரங்குகளோடு நின்றுவிடாமல் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைகொடுக்கட்டும். அதைச் செய்யாமல் மீண்டும் பள்ளிகளைப் பூட்டி, விடுதிகளை ஒழித்து, பிள்ளைகள் கையில் காகிதக் கொடியைத் திணிப்பார்களாயின், அந்த விழா எத்தனை பதக்கங்களைக் குவித்தாலும் கல்வியில் அது இந்தியாவின் தோல்வியே.