மனித உரிமை நீதிபதி ஆவது எப்படி? மூன்று பெயர்ப் பட்டியலுக்குள் நடக்கும் அரசியல்

2008 ஜூலை 17. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. மனுதாரர் இலங்கைத் தமிழர். தீர்ப்பில் அவர் பெயர் கிடையாது, 'என்.ஏ.' என்ற இரண்டு எழுத்து மட்டும்தான். ராணுவத்தால் பலமுறை பிடிக்கப்பட்டவர். உடம்பில் தழும்புகள். பிரிட்டன் அவரைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்ப முடிவு செய்திருந்தது. அனுப்பினால் சித்திரவதைக்கு ஆளாகும் உண்மையான ஆபத்து இருக்கிறது, அனுப்பக் கூடாது என்றது நீதிமன்றம். அவர் ஒருவர் மட்டுமில்லை. பிரிட்டனிலிருந்து வெளியேற்றப்பட இருந்த 300-க்கும் மேற்பட்ட தமிழர்களின் வழக்குகளில் இதே நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டு வைத்திருந்தது.

இதே நீதிமன்றம் 1991-ல் வேறு ஐந்து இலங்கைத் தமிழர்களின் வழக்கில், பிரிட்டன் அவர்களைத் திருப்பி அனுப்பியது உரிமை மீறல் இல்லை என்று சொன்னது. இரண்டு வழக்கும் ஒன்றல்ல. காலம் வேறு, போர்ச்சூழல் வேறு. ஆனால் இரண்டிலும் படித்த சட்டப்பிரிவு ஒன்றேதான்: ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 3-வது பிரிவு. அது ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு, 'இந்த மனிதருக்கு ஆபத்து உண்மையானதா, வெறும் பயமா' என்று எடை போடுவது நீதிபதிகள்தான். அப்படியென்றால் அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்பது சின்ன விஷயமா?

சரி, யார் உட்கார வைக்கிறார்கள்? பதில் கொஞ்சம் விசித்திரமானது. வழக்கில் எதிர்த்தரப்பாக நிற்கும் அதே அரசுதான் பட்டியல் போடுகிறது.

*ஒரு நாடு, மூன்று பெயர்*

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இல்லை. 'ஐரோப்பிய கவுன்சில்' என்ற தனி அமைப்பின் கீழ் வருவது. 2022-ல் ரஷ்யா வெளியேற்றப்பட்ட பிறகு இதில் 46 நாடுகள். நாட்டுக்கு ஒரு நீதிபதி, மொத்தம் 46 நாற்காலி. பதவிக்காலம் 9 ஆண்டு, இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

ஒரு நாற்காலி காலியாகப் போகிறது என்றால் அந்த நாட்டு அரசு மூன்று பெயர்களை அனுப்ப வேண்டும். 46 நாடுகளின் எம்.பி.க்களில் சிலர் உறுப்பினர்களாக இருக்கும் நாடாளுமன்றப் பேரவை, ரகசிய வாக்கெடுப்பில் அந்த மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். முதல் சுற்றில் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். யாருக்கும் கிடைக்காவிட்டால் இரண்டாவது சுற்றில் யாருக்கு அதிகமோ அவர் நீதிபதி.

தகுதி பற்றி ஒப்பந்தம் சொல்வது கொஞ்சம்தான். உயர்ந்த ஒழுக்கம் வேண்டும், உயர் நீதிப் பதவிக்கான தகுதியோ சட்ட அறிஞர் என்ற பெயரோ இருக்க வேண்டும், பட்டியல் கேட்கப்படும் நாளில் 65 வயது ஆகியிருக்கக் கூடாது. இதோடு ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டில் ஒன்றில் நன்றாக வேலை செய்யத் தெரிய வேண்டும், மற்றொன்று படித்தால் புரிய வேண்டும். அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. குட்டி நாடான லிக்டன்ஸ்டைன் சார்பில் பல ஆண்டுகள் நீதிபதியாக இருந்தவர் ஒரு கனடாக்காரர்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அரசு மூன்று பேரைச் சொல்கிறது, வெளியில் இருக்கும் மக்கள் பிரதிநிதிகள் ஒருவரை எடுக்கிறார்கள். கொலீஜியம் பற்றி நாம் இங்கே போடும் சண்டையை நினைத்தால், அட, இது பரவாயில்லையே என்றுகூடத் தோன்றும்.

ஆனால் நம்ம ஊர் தேர்தலில் 'டம்மி வேட்பாளர்' என்று ஒரு ஏற்பாடு உண்டே, அதை இங்கேயும் செய்யலாம். அரசுக்குப் பிடித்த ஒருவர், கூடவே யாரும் ஓட்டுப் போட மாட்டார்கள் என்று தெரிந்த இரண்டு பேர். அவ்வளவுதான், தேர்வு தலைநகரிலேயே முடிந்துவிட்டது. ஸ்ட்ராஸ்பர்க்கில் நடப்பது சடங்கு. பேரவை நான்காவதாக ஒரு பெயரைச் சேர்க்க முடியாது. பட்டியல் மோசம் என்றால் திருப்பி அனுப்பலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த ஓட்டையை அடைக்க முயற்சிகள் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2010-ல் ஏழு பேர் கொண்ட நிபுணர் ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தார்கள். அரசு தன் பட்டியலைப் பேரவைக்கு அனுப்பும் முன் இந்தக் குழுவிடம் காட்ட வேண்டும். 2012-ல் வழிகாட்டு நெறிகள் வந்தன: உள்நாட்டில் எல்லோரும் பார்க்கும்படி விளம்பரம் கொடுங்கள், விண்ணப்பம் வாங்குங்கள், நேர்காணல் நடத்துங்கள், தேர்வுக் குழுவில் ஒரே தரப்பு ஆட்கள் வேண்டாம் என்று. பேரவையிலும் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. மூன்று வேட்பாளர்களையும் அழைத்து நேர்காணல் செய்து, யார் பொருத்தம் என்று மற்ற எம்.பி.க்களுக்குச் சொல்லும்.

நிபுணர் குழுவின் கருத்து ரகசியம். அது அரசுக்கும் பேரவைக்கும் மட்டும் சொல்லப்படும். அந்த அரசு கேட்காமல் போனால்? ஆரம்ப ஆண்டுகளில் சில அரசுகள் கேட்காமலேயே பட்டியலை அனுப்பியும் இருக்கின்றன. நேர்காணலும் மூடிய அறையில்தான். மூன்று பயோடேட்டாவும், அதற்குப் பிறகு வாக்கு எண்ணிக்கையும் பொதுமக்கள் கண்ணில் படும்.

*மால்டாவும் போலந்தும்*

இந்த முறை எங்கே சிக்குகிறது என்று பார்க்க இரண்டு நாடுகள் போதும்.

மால்டா மத்தியத் தரைக்கடலில் இருக்கும் சின்னத் தீவு நாடு. நம்ம ஊர் மாவட்டம் ஒன்றின் மக்கள்தொகைகூட இல்லை. 2006-ல் அது அனுப்பிய பட்டியலில் மூவரும் ஆண்கள். பட்டியலில் இரு பாலினத்தவரும் இருக்க வேண்டும் என்று பேரவை 2004-லேயே விதி போட்டிருந்ததால், பட்டியல் ஏற்கப்படவில்லை. விளம்பரம் கொடுத்தோம், பொருத்தமான பெண் கிடைக்கவில்லை என்றது மால்டா. விவகாரம் அந்த நீதிமன்றத்திடமே ஆலோசனைக் கருத்துக்குப் போனது. 2008 பிப்ரவரியில் வந்த பதில்: விதி சரி, ஆனால் தேவையான எல்லா முயற்சியும் எடுத்தும் பெண் வேட்பாளர் கிடைக்காத நாட்டுக்கு விதிவிலக்கே கிடையாது என்பது சரியில்லை.

நியாயமான பதில் என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் ஒரு தகவல் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே மால்டாவின் நாற்காலிக்கு 2019-ல் தேர்வானவர் ஒரு பெண், லோரெய்ன் ஷெம்ப்ரி ஓர்லாண்ட். பதிமூன்று ஆண்டில் நாடு பெரிதாக வளர்ந்துவிடவில்லை. தேடும் விதம்தான் மாறியிருக்க வேண்டும்.

போலந்து கதை இதைவிடக் கனமானது. அந்த நாட்டு நீதிபதியின் ஒன்பது ஆண்டுக் காலம் 2021-ல் முடிந்தது. அப்போதைய அரசு உள்நாட்டு நீதித்துறையைத் தன் கைக்குள் கொண்டுவருகிறது என்ற குற்றச்சாட்டில் சிக்கியிருந்த நேரம். போலந்தின் அரசமைப்புத் தீர்ப்பாயத்தில் ஒருவர் நியமிக்கப்பட்ட விதமே தவறு என்று 2021 மே மாதம் ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தீர்ப்பாயம், 'நீங்கள் எங்களைக் கேட்க முடியாது' என்கிற பாணியில் பதில் தீர்ப்பு கொடுத்தது. நீதிபதி நியமனத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அதே அரசுதான், அதே நீதிமன்றத்துக்கு மூன்று பெயர் அனுப்ப வேண்டும்! அனுப்பிய பட்டியல்கள் தேறவில்லை. அடுத்தவர் வரும்வரை பழையவர் தொடரலாம் என்ற விதி இருப்பதால் நாற்காலி காலியாகவில்லை, ஆனால் இழுபறி வருடக்கணக்கில் போனது. 2023 இறுதியில் ஆட்சி மாறிய பிறகுதான் புதிய நீதிபதி தேர்வானார்.

திருப்பி அனுப்பும் அதிகாரத்துக்கு ஒரு பலம் இருக்கிறது, அது தெரிகிறது. அதன் எல்லையும் சேர்ந்தே தெரிகிறது. பேரவை 'வேண்டாம்' என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

*சொந்த நாட்டு வழக்கில் சொந்த நாட்டு நீதிபதி*

ஒரு நாட்டுக்கு எதிரான முக்கிய வழக்கு ஏழு நீதிபதிகள் அமர்வுக்கோ பதினேழு பேர் கொண்ட பேரமர்வுக்கோ போனால், அந்த நாட்டின் பெயரில் தேர்வான நீதிபதி அதில் கட்டாயம் இருப்பார். அதாவது பிரிட்டனுக்கு எதிரான வழக்கில் பிரிட்டன் பட்டியலிலிருந்து வந்தவர் உட்காருவார். காரணம் இல்லாமல் இல்லை. அந்த நாட்டின் சட்டம், நடைமுறை தெரிந்த ஒருவர் அறையில் வேண்டும் என்பதுதான் வாதம்.

அமெரிக்கக் கண்டத்தில் இதற்கு நேர் எதிர். கோஸ்டாரிகாவின் சான் ஹோசேவில் இருக்கும் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றத்தில் ஏழே நீதிபதிகள். தனிநபர் புகாரில் வந்த வழக்கென்றால், எதிர்த்தரப்பு நாட்டைச் சேர்ந்த நீதிபதி விலகிக்கொள்ள வேண்டும் என்று 2009-ல் அந்த நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதற்காக அங்கே வேட்பாளர் தேர்வு சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நாடு மூன்று பேர் வரை நிறுத்தலாம் என்றாலும் ஒருவரை மட்டும் நிறுத்துவதுதான் வழக்கம். தேர்ந்தெடுப்பது அரசுகளே. 'இதில் நீ எனக்கு ஓட்டுப் போடு, அதில் நான் உனக்குப் போடுகிறேன்' என்ற பேரம் அங்கே ஊரறிந்த ரகசியம். இதைப் பார்த்துச் சலித்த சிவில் அமைப்புகள் 2015 முதல் சுயேச்சையான நிபுணர் குழுவை வைத்து வேட்பாளர்களை மதிப்பிட்டு அறிக்கை வெளியிடுகின்றன. அதிகாரம் ஏதும் இல்லாத குழு. ஆனால் அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஸ்ட்ராஸ்பர்க்கின் அதிகாரபூர்வக் குழுவுக்கு இல்லாத வசதி!

ஒன்பது ஆண்டு, ஒரே முறை என்ற விதி வந்தது 2010-ல். அதற்கு முன் ஆறு ஆண்டு, மறுபடியும் போட்டியிடலாம். மறுதேர்வு வேண்டுமென்றால் அரசு மறுபடி பெயரை அனுப்ப வேண்டுமே! அந்தப் பிடியை எடுத்தது நல்ல மாற்றம். ஆனால் 42 வயதில் போகும் ஒருவர் 51 வயதில் வீடு திரும்புவார். திரும்பினால் வேலை? பல நாடுகளில் உயர் நீதிப் பதவியோ பல்கலைக்கழகப் பதவியோ கிடைப்பது அரசின் தயவில் இருக்கலாம். இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

*என்ன செய்யலாம்?*

எல்லாவற்றையும் பகிரங்கமாக்கு என்று சொல்வது சுலபம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பதவியில் இருக்கும் ஒரு நல்ல நீதிபதி, 'தகுதியில்லை' என்று ஊரறிய எழுதப்படும் அபாயம் இருந்தால் விண்ணப்பமே போட மாட்டார். வேலை மாறப் பார்ப்பது ஆபீசுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று லிங்க்ட்இன்னில் செட்டிங்கை மாற்றி வைப்பவர்களுக்கு இது புரியும்.

ஆகவே நிராகரிக்கப்பட்டவர்களின் பெயர் வேண்டாம். அரசின் நடத்தை வெளியே வரட்டும். விளம்பரம் எங்கே, எத்தனை நாள் வந்தது, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், தேர்வுக் குழுவில் யார் யார், குழு கொடுத்த வரிசையை அமைச்சரவை மாற்றியதா, மாற்றினால் ஏன்? நிபுணர் குழு ஆட்சேபித்தும் அரசு பட்டியலை அனுப்பினால், 'ஆட்சேபம் இருந்தது' என்ற ஒரு வரியாவது வெளியே வரட்டும். இதில் யாருடைய மானமும் போகாது, அரசைத் தவிர.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், 2025 மே மாதம் இத்தாலியும் டென்மார்க்கும் முன்னெடுக்க, ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் தலைவர்கள் ஒரு திறந்த கடிதம் வெளியிட்டார்கள். வெளிநாட்டவரை நாடு கடத்தும் விஷயத்தில் இந்த நீதிமன்றம் ஒப்பந்தத்தை எல்லை மீறி விளக்குகிறதோ என்பதுதான் அதன் சாரம். கடிதம் எழுத அவர்களுக்கு உரிமை உண்டு. எல்லோரும் படித்தார்கள், பலர் கண்டித்தார்கள், சிலர் ஆதரித்தார்கள். அந்த ஒன்பது நாடுகளுக்கும் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஆளுக்கொரு நாற்காலி இருக்கிறது. அது காலியாகும் ஒவ்வொரு முறையும் அந்தந்தத் தலைநகரிலிருந்து மூன்று பெயர் போகும், அந்த மூவர் எப்படிப் பட்டியலுக்குள் வந்தார்கள் என்ற முழு விவரமும் கூடவே வரட்டும்.