பரணில் இருந்த கித்தான்



நம் வீடுகளின் பரண்களில் எத்தனையோ பொருள்கள் உறங்குகின்றன. ஒரு வீட்டில் உறையிட்ட வீணை; மற்றொரு வீட்டில் துணியில் முடிந்த சலங்கை. "ஊர் திரும்பியபின் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லியே நாம் அவற்றைப் பரணேற்றினோம். என் வீட்டுப் பரணில் கிடந்தது ஒரு கித்தான் சுருள். 32 ஆண்டுகளுக்குப்பின், சென்ற பங்குனியில் அதனை இறக்கினேன்.

பள்ளிப் பருவத்தில் ஓவிய ஆசிரியர் ஒருவரிடம் தைலவண்ணம் பயின்றவன் நான். தில்லியில் வேலை கிடைத்துக் கரோல்பாகில் ஒற்றை அறையில் குடித்தனம் தொடங்கிய பின்னரும் ஞாயிறுதோறும் வரைந்து வந்தேன். எங்கள் ஊர்க் காவிரிப் படித்துறையில் என் அன்னையார் குடம் துலக்கும் காட்சி பாதி முடிந்திருந்தது. அப்போது என் மகளுக்கு இரண்டு வயது. டர்பன்டைன் நெடி சூழ்ந்தால் அவளுக்கு மூச்சிரைக்கும். ஓரிரவு முழுதும் நானும் மனைவியும் அவளை மாற்றி மாற்றித் தோளில் சுமந்து உலாவினோம். மறுநாளே கித்தானைச் சட்டத்தினின்று கழற்றிச் சுருட்டிவிட்டேன்.

இப்போது விரித்துப் பார்த்தால் படமெங்கும் வெடிப்பு. பிழை என்னுடையதே. தைலவண்ணப் படத்தைச் சுருட்ட நேர்ந்தால் வண்ணப்பக்கம் வெளியே இருக்கவேண்டும். நான் உட்புறமாகச் சுருட்டியிருந்தேன். வண்ணத்தில் உள்ள ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல் ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகுவது. நாளடைவில் அதன் நெகிழ்ச்சி குறையும். நெருக்கினால் நொறுங்கும். அன்னையாரின் கன்னத்தின் குறுக்கே ஒரு கீற்று ஓடியிருந்தது. படம் முழுதும் மஞ்சள் பாரித்திருந்தது. இருளில் கிடந்தால் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளிக்கும்; வெளிச்சம் பட்டால் ஓரளவு தெளியும். எனவே அதனைச் சன்னலருகே மாட்டினேன். சில வாரங்களில் ஆற்றின் மேலிருந்த வானம் சற்றே வெளுத்தது.

துணிந்து தூரிகையை எடுத்து அந்தக் கன்னத்தைத் திருத்த முயன்றேன். கை கேட்கவில்லை. கண்ணோ முன்னினும் கூர்மையாய்க் குற்றம் கண்டது. பழைய வண்ணம் காய்ந்திருந்தபடியால், புதிதாய் இட்டதைத் துணியால் துடைத்தெடுத்துவிட்டேன்.

வண்ணக்கடைக்காரர் அன்று ஒரு செய்தி சொன்னார். டர்பன்டைன் இன்றியே தைலவண்ணம் தீட்டலாமாம். தூரிகையை ஆளிவிதை எண்ணெயில் அலசித் துடைத்து, பிறகு சோப்பிட்டுக் கழுவினால் போதுமாம். எனக்கு நெஞ்சு அடைத்தது. வீடு வந்து மனைவியிடம், "இது அன்றே தெரிந்திருந்தால் 32 ஆண்டுகள் வீணாகியிரா" என்றேன்.

அவள் முறத்திலிருந்து தலை நிமிராமல், "குழந்தைக்கு ஆறு வயதில் இரைப்பு நின்றுவிட்டதே. அதற்குப்பின் 28 ஆண்டுகள் உங்களைத் தடுத்தது யார்?" என்று கேட்டாள்.

இரவெல்லாம் யோசித்தேன். படித்துறையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டுதான் படத்தை முடிப்பது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது. ஓய்வு பெற்றதும் ஊர் சென்று முடிக்கலாம் என்றிருந்தேன். அன்னையார் மறைந்தார், வீடும் கைமாறியது. திரும்பிச் செல்ல ஊரில் இடமில்லை என்பதை ஒப்புக்கொள்ள மனமின்றியே சுருளைப் பரணில் விட்டிருக்கிறேன்.

இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் மாளிகையில், 1954-இல் தொடங்கப்பெற்ற தேசிய நவீனக் கலைக்கூடம் உள்ளது. அமிர்தா ஷெர்கிலின் படங்கள் அதன் சேகரிப்பில் உள்ளன. "தென்னிந்தியக் கிராமத்தார் சந்தைக்குச் செல்லல்" என்பது அவர் 1937-இல் தீட்டிய தைலவண்ணப் படம். பாரிசில் பயின்ற அவ்வம்மையார் குமரிமுனை வரை ஒருமுறை பயணம் செய்தார். கண்டதை மனத்தில் ஏந்தி வந்து, திரும்பியபின் அதனைத் தீட்டினார். 1941-இல், 28 வயதிலேயே, மறைந்தும் போனார். தெற்கில் பிறவாத ஒருவர் நினைவைக்கொண்டு தீட்டினார். அந்நீரில் மூழ்கி வளர்ந்த நான் எதற்காகக் காத்திருந்தேன்?

பழைய படம் வெடிப்போடு சன்னலருகே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதை வரைந்த இளைஞன் இப்போது இல்லை. கத்தரிக்காய், பித்தளைச் சொம்பு என்று சிறு அட்டைகளில் பழகினேன். மூன்று கெட்டன, நான்காவதில் சொம்பு சொம்பாகத் தெரிந்தது.

மீண்டும் தொடங்க விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். பழைய குழாய்களின் மூடி திறவாவிடில் வெந்நீரில் சற்று நேரம் அமிழ்த்துங்கள். நான்கைந்து வண்ணங்கள் போதும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேற்பூச்சில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும், மாறினால் வெடிக்கும். எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைக்காதீர்கள். அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். தில்லிக் கோடையில் இது விளையாட்டன்று. நீரில் நனைத்தோ, வெளியே தனித்தனியாய் விரித்து உலர்த்தியோ அகற்றுங்கள். வண்ணங்கள் சிலவற்றில் நஞ்சு உண்டு; குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். வார்னிஷ் பூச ஆறு திங்களேனும் பொறுத்திருங்கள்.

இப்போது புதிய கித்தானில் அதே படித்துறையைத் தொடங்கியுள்ளேன். படிகள் ஏழா, எட்டா என்பது நினைவில்லை. குனிந்து குடம் துலக்கும் அன்னையாரின் முதுகு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அங்கிருந்தே தொடங்கினேன்.

உங்கள் பரணில் இருப்பது என்ன? அதைக் கீழே இறக்கியபின் ஒரு வரி எழுதுங்கள்.